ஒருமுனை இணைப்பில் மும்முனைப் பட்டறை: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு லேத், ஒரு மில்லிங் மெஷின், பரப்பைத் தேய்த்து மட்டமாக்கும் ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர், ஒரு ஏர் கம்ப்ரசர். நான்கும் கைமாறி வாங்கியவை. நான்கும் 400 வோல்ட் மும்முனை மின்சாரத்துக்கென்று செய்யப்பட்டவை. பட்டறைக்கு வந்திருந்ததோ 230 வோல்ட் ஒருமுனை இணைப்பு, மெயின் சுவிட்ச் 40 ஆம்பியர். மும்முனை இணைப்பு கேட்டுப் பார்த்து, அந்த இடத்தில் கிடைக்காது என்று தெரிந்த பிறகுதான் பட்டறைக்காரர் என்னைக் கூப்பிட்டார். இதே நிலையில் இருப்பவர்களும் அதைத்தான் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். கிடைத்துவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

அவர் மனதில் ஒரு தீர்வு ஏற்கெனவே இருந்தது. "அண்ணே, ஒரு பெரிய கன்வர்ட்டர வாங்கி மெயின்லயே மாட்டிட்டா நாலும் ஓடிடும்ல?"

நான் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டேன். லேத் 3 எச்.பி., மில்லிங் 2, கிரைண்டரில் சக்கரத்துக்கு 2, ஹைட்ராலிக் பம்புக்கு 1, கம்ப்ரசர் 5. மொத்தம் 13 எச்.பி., அதாவது ஏறக்குறைய 9.7 கிலோவாட். இது தண்டில் கிடைக்கும் திறன். உள்ளே வாங்குவது இதைவிடக் கூடுதல். இணைப்பு தரக்கூடியதோ 230 பெருக்கல் 40, 9.2 கிலோ வோல்ட்-ஆம்பியர். எந்தப் பெட்டி வைத்தாலும் கம்பியில் வராத மின்சாரம் மோட்டாரில் வராது. நான்கும் சேர்ந்து ஓடும் என்ற ஆசையை அப்போதே விட்டுவிட்டோம். வேலை செய்பவர்கள் இரண்டே பேர் என்பதால் அது பெரிய இழப்பும் இல்லை.

பட்டறைக்காரரின் கேள்வி "மூன்றாவது முனையை எப்படி உண்டாக்குவது" என்பது. என் கேள்வி வேறு: ஒவ்வொரு மோட்டாரின் டெர்மினல் பெட்டிக்குள்ளும் என்ன இருக்கிறது? அதனால் முதல் நாள் முழுக்க ஒரு ஸ்குரூடிரைவரும் டார்ச்சும்தான் வேலை செய்தன.

கம்பியில் இல்லாதது எங்கிருந்து வரும்

ஒருமுனை மின்சாரத்தில் 50 ஹெர்ட்ஸ் என்றால் திறன் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்துக்கு இறங்கி ஏறும். மும்முனையில் மூன்று அலைகள் ஒன்றுக்கொன்று 120 பாகை விலகி வருவதால், ஒன்று இறங்கும்போது மற்றவை தாங்கிக்கொள்ளும். கூட்டுத்தொகை எந்தக் கணத்திலும் ஒரே அளவு. ஆகவே ஒருமுனையை மும்முனையாக்கும் எந்தக் கருவியும் அந்தப் பூஜ்யக் கணங்களைக் கடக்க எங்கோ சக்தியைச் சேமித்து வைத்தாக வேண்டும். மோட்டாரின் வேகத்தை மாற்றித் தரும் விஎஃப்டி என்ற டிரைவ், மின்சாரத்தை டிசியாக்கித் தன் கெபாசிட்டரில் சேமிக்கிறது. ரோட்டரி கன்வர்ட்டர், சுழலும் ரோட்டரின் ஓட்டத்தில் சேமிக்கிறது. மீதி எல்லாம் இந்த இரண்டின் கிளைகள்தான்.

இது புதிய தலைவலியும் இல்லை. ஹங்கேரியப் பொறியாளர் கால்மான் காண்டோ 1920களிலேயே ரயில் எஞ்சினுக்குள் ஒரு சுழலும் கன்வர்ட்டரை வைத்து, மேலே ஓடும் ஒற்றைக் கம்பியின் ஒருமுனை மின்சாரத்தைப் பலமுனையாக்கி மோட்டாருக்குக் கொடுத்தார். நம் பட்டறை மூலையில் ஓடுவது அதன் குட்டிப் பேரன்.

ஸ்டாட்டிக் கன்வர்ட்டர் என்று ஒன்றும் கிடைக்கிறது. இவருக்கும் ஒருவர் சிபாரிசு செய்திருந்தார். அது மோட்டாரை கெபாசிட்டரால் கிளப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பிறகு மோட்டார் இரண்டு லைனில் இழுத்துக்கொண்டு ஓடும். நேம்பிளேட் திறனில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் சூடேறும். துளை போடும் மெஷினுக்குப் போதும். லேத்துக்கு வேண்டாம் என்றேன்.

லேத்: புதைந்து கிடந்த ஸ்டார் முடிச்சு

230 வோல்ட் ஒருமுனை வாங்கும் டிரைவ் 230 வோல்ட் மும்முனைதான் தரும். 230-ஐ டிசியாக்கினால் உச்சத்தில் 325 வோல்ட். அதிலிருந்து 400 வோல்ட் மும்முனை பிறக்காது. ஆகவே மோட்டார் 230-இல் முழுத்திறன் தர வேண்டும். மோட்டாரின் மூன்று வைண்டிங்குகளை, அதாவது கம்பிச் சுருள்களை, ஒரு நுனியில் சேர்த்து முடிந்தால் ஸ்டார், முக்கோணமாக இணைத்தால் டெல்டா. நேம்பிளேட்டில் டெல்டா 230, ஸ்டார் 400 என்றிருந்தால் பெட்டியில் இருக்கும் பட்டைகளை மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது. டெல்டா 400, ஸ்டார் 690 என்றிருந்தால் இந்த வழி அடைபட்டது: அந்த வைண்டிங் ஒவ்வொன்றும் 400 வோல்ட் கேட்கும். 230 கொடுத்தால் ஏறக்குறைய 29 ஹெர்ட்ஸ் வரைதான் முழு முறுக்குவிசை.

இந்த லேத்தின் நேம்பிளேட்டில் "400 வோல்ட், ஸ்டார், 4.7 ஆம்பியர்" என்று மட்டும் இருந்தது. பெட்டியைத் திறந்தால் மூன்றே நுனிகள். மீதி மூன்று நுனிகளையும் உற்பத்தியின்போதே உள்ளே சேர்த்து முறுக்கி, வார்னிஷில் புதைத்துவிட்டார்கள். பலர் இங்கேதான் "இது ஆகாது, ரிவைண்டிங் செய்யணும்" என்று கைவிடுகிறார்கள். ஆனால் ஸ்டார் இணைப்பில் ஒவ்வொரு வைண்டிங்கும் பார்ப்பது 400 வகுத்தல் 1.732, அதாவது 230 வோல்ட்தான். நமக்கு வேண்டிய 230 வோல்ட் வைண்டிங் உள்ளேயே இருக்கிறது. முடிச்சை மட்டும் அவிழ்க்க வேண்டும்.

மோட்டாரைக் கழற்றி, பின் மூடியை எடுத்து, ரோட்டரை வெளியே இழுத்தோம். வைண்டிங் தலைப்பில் கட்டியிருந்த நூலை ஹேர் டிரையரால் இளக்கி மெதுவாக வெட்டினோம். வெளியே வரும் மூன்று நுனிகளுக்கு எதிர்ப்பக்கத்தில், கனத்த ஸ்லீவ் போட்ட ஒரு முடிச்சு இருந்தது. ஒவ்வொரு வைண்டிங்குக்கும் இரண்டு இணைக் கம்பி என்பதால் முடிச்சில் மூன்றல்ல, ஆறு கம்பிகள். மீட்டரின் பீப் ஒலியை வைத்து எந்த இரண்டு எந்த வெளி நுனியோடு சேரும் என்று பிரித்து, ஒவ்வொரு ஜோடியையும் ஒரு புதிய வயரோடு பற்றவைத்தோம். வெப்பம் தாங்கும் ஸ்லீவ் போட்டுக் கட்டி, வார்னிஷ் பூசி, ஒரு நாள் காயவிட்டோம். இந்த ஜோடி சேர்ப்பதில் அவசரப்படக் கூடாது. ஒரு வைண்டிங் தலைகீழாகப் போனாலும் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், கரண்ட் எகிறும்.

இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகரில் பாடிக்கும் வைண்டிங்குக்கும் நடுவே 100 மெகா ஓமுக்கு மேல் காட்டியது. ஆறு நுனியும் பெட்டிக்கு வந்தபின் டெல்டா. லைன் கரண்ட் இப்போது 4.7 பெருக்கல் 1.732, அதாவது 8.1 ஆம்பியர். 2.2 கிலோவாட் டிரைவ் இதற்குப் போதும். பழைய மோட்டாருக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு. டிரைவ் அனுப்பும் துடிப்புகள் நீண்ட கேபிளில் இரட்டிப்பு உச்சம் வரை போகலாம். 400 வோல்ட் டிரைவில் அது 1,100 வோல்ட்டைத் தாண்டும், இதில் 650 அளவோடு நிற்கும். பல பத்தாண்டு வயதான இன்சுலேஷனுக்கு அந்த வித்தியாசம் பெரியது.

இதுவரை எல்லாம் சரி. பிறகு நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். லேத்தின் முன்-பின் டிரம் சுவிட்சை மோட்டாருக்கும் டிரைவுக்கும் நடுவே அப்படியே விட்டுவைத்திருந்தேன். "ஓடும்போது இதைத் தொடாதீங்க, நாளைக்கு மாத்திடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். இருபது வருடப் பழக்கம் உள்ள கை அது. திரெட் வெட்டி முடித்ததும் தானாகவே லீவரைப் பின்னுக்குத் தள்ளியது. முன்னோக்கிச் சுழலும் மோட்டார், பின்னோக்கிய இணைப்போடு, முழு வோல்டேஜில் டிரைவின் தலையில் மோதியது. ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். டிரைவின் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் ஷார்ட்.

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஓட்டத்தில் திறக்கக்கூடிய எதையும் வைக்கக் கூடாது என்பது எல்லாக் கையேட்டிலும் இருக்கும் வரி. நானும் பலருக்குச் சொன்ன வரி. இரண்டாவது டிரைவை என் கணக்கில் போட்டேன். அதே டிரம் சுவிட்ச் இப்போது மோட்டார் கரண்டைச் சுமப்பதில்லை. டிரைவின் 24 வோல்ட் கட்டுப்பாட்டு முனைகளுக்கு "முன்", "பின்" என்று கட்டளை மட்டும் கொடுக்கிறது. லீவரை எப்படி ஆட்டினாலும் டிரைவ் முதலில் வேகத்தைக் குறைத்து, நின்று, பிறகுதான் திரும்பும்.

அந்த வேகக் குறைப்பிலும் ஒரு கண்ணி உண்டு. இந்த லேத்தில் வேலைப்பொருளைப் பிடிக்கும் சக், திரெட்டில் திருகி ஏற்றியது. பிரேக் ரெசிஸ்டர் போட்டு ஒரே வினாடியில் நிறுத்திக் காட்டலாம். கனத்த சக் தன் வேகத்திலேயே கழன்று மடியில் வந்து உட்காரும். 4 வினாடி என்று வைத்தேன். மின்சாரம் போய் வந்தால் லீவர் "முன்"-இல் இருந்தாலும் தானாகக் கிளம்பாதபடி அமைப்பை மாற்றி, மெயினை அணைத்துப் போட்டு மூன்று தடவை சோதித்தோம். எமர்ஜென்சி பட்டன், டிரைவுக்கு முன்னால் இருக்கும் கான்டாக்டர் என்ற மின்காந்தச் சுவிட்சைத் திறக்கும். அப்போது டிரைவின் பிரேக்கும் இருக்காது என்பதால் கால் பிரேக்கைச் சரிசெய்து வைத்தோம்.

லேத்தின் கூலன்ட் பம்ப் 0.1 கிலோவாட், அதுவும் மும்முனை. முதன்மை மோட்டாரின் டிரைவிலேயே இதையும் தொங்கவிட்டால் ஸ்பிண்டில் என்ற சுழலும் தண்டு மெதுவாகும்போது தண்ணீரும் குறையும். இதற்கு ஸ்டைன்மெட்ஸ் இணைப்பு போதும்: டெல்டாவில் போட்டு, 230-ஐ இரண்டு முனைக்குக் கொடுத்து, மூன்றாவதற்கு ஒரு கெபாசிட்டர். கிலோவாட்டுக்கு 70 மைக்ரோ ஃபாரட் என்ற பட்டறைக் கணக்கில் 7 வரும். 450 வோல்ட் ரன் வகையில் 8 போட்டோம். கிளம்பும் விசை குறைவுதான், ஆனால் தண்ணீர் பம்புக்கு அது தேவையில்லை.

டிரைவைப் போட்டதும் எர்த் கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தது. டிரைவின் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் எர்த்துக்குக் கசியவிடும் கரண்ட் அது. வடிகட்டியின் எர்த் ஸ்குரூவைக் கழற்றிவிடச் சொல்வார்கள், நான் கழற்றவில்லை. ஒருமுனை டிரைவுகளுக்கென்று இருக்கும் எஃப் வகை ஆர்சிசிபி ஒன்றை இந்த லைனுக்கு மட்டும் தனியாகப் போட்டதும் அடங்கியது.

மில்லிங்: ஆறு நுனி இருந்தும் ஆகாதது

பெட்டியைத் திறந்ததும் ஆறு நுனியைப் பார்த்துப் பட்டறைக்காரருக்கு மகிழ்ச்சி. எனக்கு இல்லை, ஏனென்றால் நேம்பிளேட்டில் இரண்டு வேகம் எழுதியிருந்தது. டாலாண்டர் மோட்டார். அதில் ஆறு நுனிகளும் ஸ்டார்-டெல்டாவுக்கானவை அல்ல; மெதுவேகத்துக்கு டெல்டா, அதிவேகத்துக்கு இரட்டை ஸ்டார் என்று வைண்டிங்கை நடுவில் பிரித்து எடுத்தவை. இரண்டு நிலையிலும் 400 வோல்ட் வேண்டும். 230 டிரைவில் மல்லுக்கட்டுவதைவிட, அதே 90எல் அளவுச் சட்டகத்தில் சாதாரண 1.5 கிலோவாட் நான்கு துருவ மோட்டார் ஒன்றை ஏற்றி டெல்டாவில் போட்டோம். வேகத்தை டிரைவ் பார்த்துக்கொள்கிறது, 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை. 50-க்கு மேலே போகப் போக முறுக்குவிசை குறையும், 20-க்குக் கீழே மோட்டாரின் சொந்த விசிறி காற்றடிக்காது. இரண்டையும் காகிதத்தில் எழுதி மெஷினில் ஒட்டினேன். அரை நாள் வேலை.

கம்ப்ரசர்

5 எச்.பி.யை ஒருமுனையில் இழுப்பது வீண். கம்ப்ரசர் காற்றழுத்தத்துக்கு எதிராகக் கிளம்பும், அடிக்கடி கிளம்பும், அதன் வேகத்தை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. டிரைவின் நற்குணங்கள் எதுவும் இங்கே பயன்படாது. 3 எச்.பி. ஒருமுனை மோட்டார், கிளம்ப ஒரு கெபாசிட்டரும் ஓட ஒரு கெபாசிட்டரும் உள்ள வகை, வாங்கச் சொன்னேன். மோட்டார் புல்லியை 160 மில்லிமீட்டரிலிருந்து 100-ஆகக் குறைத்ததில் பம்பின் வேகம் 900 சுற்றிலிருந்து 560-க்கு இறங்கியது. பம்ப் கேட்கும் திறனும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இறங்கி 3 எச்.பி.க்குப் பக்கத்தில் வந்தது. கொஞ்சம் இடைவெளி வேண்டுமென்று, நிற்கும் அழுத்தத்தை 10 பாரிலிருந்து 8-க்கு இறக்கினோம்.

புல்லியை வெட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். இந்த வகைப் பம்புகளில் எண்ணெய், சுழலும் கம்பி தெறிப்பதால்தான் மேலே ஏறும். வேகம் மிகக் குறைந்தால் எண்ணெய் ஏறாமல் பம்ப் தேய்ந்து போகும். இதன் கையேட்டில் குறைந்தபட்சம் 500 சுற்று என்று இருந்தது, தப்பித்தோம். கழற்றிய 5 எச்.பி. மும்முனை மோட்டாரை விற்க வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.

கிரைண்டர்: சுழலும் கன்வர்ட்டர்

கிரைண்டரில் இரண்டு மோட்டார்கள், ஒரு கட்டுப்பாட்டு டிரான்ஸ்ஃபார்மர், காந்த மேடைக்கான தனிச் சுற்று. ஒவ்வொன்றுக்கும் டிரைவ் வைத்தால் மெஷினின் வயரிங்கையே பிய்த்தெறிய வேண்டும். முழு மெஷினுக்கும் 400 வோல்ட் மும்முனை தருவதே மேல். மோட்டாரை மட்டும் ஒருமுனையாக மாற்றினால் என்ன என்று கேட்டார். ஒருமுனை மோட்டாரின் முறுக்குவிசை வினாடிக்கு 100 முறை துடிக்கும். அந்தத் துடிப்பு தேய்த்த பரப்பில் கோடுகளாக வந்து நிற்கும்.

முதலில் 7.5 கிலோ வோல்ட்-ஆம்பியர் தனிச்சுற்று டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றில் 230-ஐ 400 ஆக்கினோம். அந்த 400-இன் இரண்டு லைனும் நேராக கிரைண்டருக்குப் போகின்றன. கம்ப்ரசரிலிருந்து கழற்றிய 5 எச்.பி. மோட்டாருக்கும் போகின்றன. அது வெறுமனே, சுமையில்லாமல் சுழலும். சுழலும் ரோட்டர் தன் மூன்றாவது வைண்டிங்கில் தூண்டும் வோல்டேஜே மூன்றாவது லைன். இழுக்கப்போகும் பெரிய மோட்டாரைவிட ஒன்றரை மடங்காவது சுழலி இருக்க வேண்டும் என்பது வழக்கம். நமக்கு 2-க்கு 5 இருந்ததால் தாராளம். இரண்டு லைனில் அது தானாகக் கிளம்பாது, ஆகவே ஒரு வினாடிக்கும் குறைவாகக் கிளப்பும் கெபாசிட்டர் ஒன்று, வோல்டேஜ் ஏறியதும் ரிலே கழற்றிவிடும்படி. டிரான்ஸ்ஃபார்மர் சுவிட்ச் போட்ட கணத்தில் இழுக்கும் வெள்ளத்தில் சி வகை எம்சிபி, அதாவது கரண்ட் எகிறினால் தானாக விழும் சுவிட்ச், இரண்டு தடவைக்கு ஒரு தடவை விழுந்தது. அந்த வெள்ளத்தைத் தாங்கும் டி வகை போட்டோம்.

முதல் ஓட்டத்தில் லைன்களுக்கு நடுவே 400, 358, 349. மூன்றாவது லைன் தொய்வு. ஸ்பிண்டிலைக் கிளப்பியதும் கான்டாக்டர்கள் படபடவென்று அடித்தன. கட்டுப்பாட்டு டிரான்ஸ்ஃபார்மர் அந்தத் தொய்ந்த லைனில் தொங்கிக்கொண்டிருந்ததே காரணம். நேரடியாக வரும் இரண்டு லைனுக்கு அதை மாற்றியதும் படபடப்பு நின்றது. ஆனால் தேய்த்த தகட்டில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய வரிகள். சக்கரம்தான் காரணமென்று இரண்டு தடவை டைமண்டால் சீர்செய்தோம், பேரிங்கைச் சந்தேகித்தோம். மூன்று கரண்டையும் கிளாம்ப் மீட்டரில் அளந்த பிறகுதான் புரிந்தது. வோல்டேஜில் சில சதவீத ஏற்றத்தாழ்வு கரண்டில் ஆறு முதல் பத்து மடங்காகப் பெருகும்.

மூன்றாவது லைனுக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவே ரன் கெபாசிட்டர்களை ஐந்தைந்து மைக்ரோ ஃபாரடாகக் கூட்டிக்கொண்டே போனோம். ஒரு பக்கம் 40, மறுபக்கம் 25 என்று வந்தபோது, சுமையோடு 394, 401, 385. சராசரியிலிருந்து அதிகபட்ச விலகல் 2.1 சதவீதம். விலகலின் வர்க்கத்தை இரட்டித்தால் மோட்டாரின் வெப்ப உயர்வு எத்தனை சதவீதம் கூடும் என்று தெரியும், இங்கே 9. இந்த மோட்டாரில் அது தாங்கக்கூடியதே. வரிகள் பெரும்பாலும் போய்விட்டன. முழுக்கப் போயின என்று சொல்ல மாட்டேன். கண்ணாடிப் பளபளப்பு வேண்டியவர் ஸ்பிண்டிலுக்கு மட்டும் ஒரு டிரைவ் வைப்பதே சரி.

டிரான்ஸ்ஃபார்மரின் 400 வோல்ட் சுற்றை நடுவில் எர்த் செய்திருக்கிறோம். அதனால் எர்த்தை வைத்து அளந்தால் இரண்டு லைன் 200 காட்டும், மூன்றாவது 346 காட்டும். பார்ப்பவர் பதறுவார், முக்கோணத்தின் அடியும் உயரமும்தான் அது, பழுதில்லை. இன்னொன்று, இதில் நியூட்ரல் கிடையாது. மெஷின் விளக்கு லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இருந்தது. அதை வெட்டியெடுத்து 230-லிருந்து தனியாகக் கொடுத்தோம்.

மெயினில் என்ன தெரிகிறது

மெயினிலிருந்து பேனலுக்கு 25 மீட்டர். பழைய 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 40 ஆம்பியர் போனால் 9 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 10 சதுர மில்லிமீட்டர் இழுத்தபின் 4-க்கும் குறைவு. லேத் முழு வெட்டில் மெயினில் 19 ஆம்பியர் வாங்குகிறது. 2.2 கிலோவாட் மோட்டாருக்கு இது அதிகமாகத் தோன்றும். டிரைவ் தன் கெபாசிட்டரை நிரப்ப அலையின் உச்சியில் மட்டும் கடித்து இழுப்பதால் வருவது. 12 என்று கணக்குப் போட்டுக் கம்பி வாங்குபவர்கள் இங்கே ஏமாறுவார்கள். கிரைண்டர் ஏற்பாடு 17, மில்லிங் 13, கம்ப்ரசர் 13. இரண்டு பேர் வேலை செய்யும் நாளில் நான் பார்த்த அதிகபட்சம் 34.

கம்ப்ரசர் கிளம்பும்போது வோல்டேஜ் ஒரு கணம் குழிந்து, தேய்த்துக்கொண்டிருக்கும் தகட்டில் ஒரு வடு விழுந்தது. கிரைண்டர் ஓடும் நேரத்தில் கம்ப்ரசர் கிளம்பாதபடி ஒரு கான்டாக்டரின் துணைமுனையை நடுவே போட்டோம். காலையில் டேங்க்கை நிரப்பிவிட்டுத் தேய்க்க உட்காருகிறார்கள். டாலாண்டர் மோட்டார் அலமாரியில் இருக்கிறது. "ஆறு நுனி, ஆனாலும் 400 மட்டும்" என்று அட்டை எழுதிக் கட்டியிருக்கிறேன்.